மோட்டார் வண்டியும் பழுதுபார்த்த கைகளும்

திருத்தணிகை மலைமீது எழுந்தருளியுள்ள முருகப் பெருமானைக் காண ஏற வேண்டிய படிகள் 365. ஆண்டின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று என்று பெரியோர் கணக்குச் சொல்வர். ஆங்கில ஆண்டின் கடைசி இரவாகிய டிசம்பர் 31-இல் அடியார்கள் படிதோறும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகின்ற காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும். அத்தலத்திற்குச் செல்லும் வழியில் இளமையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதனை முன்னிட்டு, மோட்டார் வண்டியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

1967-ஆம் ஆண்டு, மே மாதம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1960 ஏப்ரல் முதல் நாளன்று, திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயன் அது. எல்லை மாறினாலும், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் முன்போலவே கைகோத்து நடந்தன. சென்னையிலிருந்து அவ்வூர் ஐம்பது மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. பலர் கை மாறி எங்கள் தந்தையாரிடம் வந்து சேர்ந்த பழைய கார் ஒன்றில், தாயாரையும் பன்னிரண்டு வயதுத் தம்பியையும் ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டேன். ஓட்டத் தெரியும் என்ற செருக்கு எனக்கு நிறைய இருந்தது. வண்டியை அறிவேனா என்று என்னையே ஒரு முறையும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டியின் முகப்பிலிருந்து வெண்புகைபோல ஆவி எழுந்தது. நிறுத்தினேன். பதற்றத்தில், "ரேடியேட்டர் மூடியைத் திறடா, தண்ணீர் ஊற்றலாம்" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் துணியைச் சுற்றித் திருகினான். மறுகணம் கொதிநீர் பீறிட்டு அவன் வலக்கையை மூடியது. அருகில் தேநீர்க் கடை வைத்திருந்த அம்மையார் ஓடிவந்து, அவன் கையில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார். பிறகே மருத்துவரிடம் சென்றோம். அத்தழும்பு இன்றும் அவன் கையில் இருக்கிறது.

புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் என்னைத்தான் கேட்டார்: "தம்பி, வண்டி ஓடும்போது சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

மூன்று நாட்களாகவே எரிந்துகொண்டுதான் இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது கீச்சென்று ஒரு சத்தமும் கேட்டது. விளக்கு கெட்டுவிட்டது, சத்தம் பழமையால் வருவது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "வண்டி மூணு நாளாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்கதான் காது குடுக்கல."

அவர் விளக்கியது இதுதான். அக்காலத்து வண்டியில் ஒரே பெல்ட்டு மூன்று வேலைகளைச் செய்தது: பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவைச் சுழற்றும், விசிறியைச் சுழற்றும், எஞ்சினைச் சுற்றி நீரை ஓடச் செய்யும் பம்பையும் சுழற்றும். பெல்ட்டு தளர்ந்தால் முதலில் மின்சாரம் குறையும். சிவப்பு விளக்கு எரியும். அப்போதே நீரோட்டமும் காற்றும் குறைந்துவிட்டன என்பதை உணர வேண்டும். விளக்குச் சொன்னது மின்சாரத்தின் செய்தி. வரவிருந்ததோ நீரின் விபத்து. எஞ்சின் ஆறும்வரை அரைமணி நேரம் காத்திருந்து, டைனமோவின் ஆணியைத் தளர்த்தி, கட்டையால் நெம்பிப் பெல்ட்டை இறுக்கினார். பின்னர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுச் சிறிது சிறிதாக நீர் வார்த்தார். சூடேறிய இரும்பில் குளிர்ந்த நீரை ஒருங்கே கொட்டினால் அது வெடித்துவிடும் என்பதையும் சொன்னார். மூடியைத் திறந்ததும் நீர் பீறிட்டதன் காரணத்தை நான் பின்னர் நூலில் படித்தறிந்தேன். மூடிய கலத்தில் அழுத்தம் மிகுவதால் நீரின் கொதிநிலை உயர்கிறது. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் வீழ்ந்து, அதுவரை அடங்கியிருந்த நீர் நொடியில் ஆவியாகிவிடுகிறது. பள்ளியில் நான் படித்த பௌதிகப் பாடந்தான் அது. தேர்வில் எழுதியதை வழியில் நினைக்கவில்லை.

அந்த மெக்கானிக்கைப் போன்றோரின் வரலாறு மோட்டாரின் வரலாற்றோடு கூடப் பிறந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமை பெற விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். அதனை மக்கள் நம்பி வாங்குவாரில்லை. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரு புதல்வர்களுடன் அவ்வண்டியில் மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மின்கம்பி உறை கிழிந்தது. காலுறைப் பட்டையால் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சென்று அதற்குத் தோல் அடிக்கச் செய்தார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். எஞ்சினைத் தணிக்க ஊர்தோறும் நீர் நிரப்பினார். ஆகவே, உலகின் முதல் நெடும்பயணத்தை மேற்கொண்ட ஓட்டுநரே முதல் வழிப் பழுதையும் நீக்கியவர். கண்டுபிடித்தவர் பெயரை நாம் அறிவோம். கண்டுபிடித்ததை ஓடச் செய்தவர் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். அதே 1888-ஆம் ஆண்டில்தான் பெல்ஃபாஸ்ட் நகரத்து டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள்தான் நம் திருத்தணியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். சென்னையில் மோட்டார் வாங்கிய முதல் இந்தியர்களுள் ஒருவர், உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். ஆனால் வண்டி கடல்கடந்து வந்தது. அதன் உறுப்புகளும் கடல்கடந்தே வரவேண்டியிருந்தன. ஓர் உறுப்பு தேய்ந்தால் மாதக்கணக்கில் வண்டி நிற்கும். அந்த நெருக்கடியில்தான் நம் ஊர்க் கொல்லரும் தச்சரும் கடைசல்காரரும் மோட்டார் வேலை கற்றனர்.

மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்காரின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1911-இல் தொடங்கிய அவருடைய நிறுவனம் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டிப் புகழ்பெற்றது. அக்காலச் சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர்கள் ஓயாமல் துளைபடும். துளையை அடைத்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. அவரோ, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது தென்னாட்டு மோட்டார் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. பழுதை நீக்குபவன் கைத்தேர்ச்சி உடையவன். பழுதின் காரணத்தை நீக்குபவன் அறிவாளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதானபோது, அடுப்புக் கரியை எரித்து அதன் வாயுவால் பஸ்களை ஓட்டும் கருவிகளை இந்நிறுவனம் செய்து கொடுத்தது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவும் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொடங்கியவர்தாம்.

விடுதலைக்குப் பின் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ், ஸ்டாண்டர்டு மோட்டார் என்னும் இரு நிறுவனங்கள் தோன்றின. தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வெளிநாட்டு உறுப்புகளை வாங்கிப் பூட்டியவையே. உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953-இல் வகுக்கப்பட்டது. அதையொட்டி அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சில வெளியேறின. அப்போது உறுப்புகளைச் செய்ய முன்வந்த தொழில்களைப் பாருங்கள். 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ். 1961-இல் மின்கருவிகளுக்கு லூகாஸ் டி.வி.எஸ்.; 1962-இல் பிரேக்குகளுக்குச் சுந்தரம் கிளேட்டன். பலூன் செய்து விற்றுவந்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் தேய்ந்த டயருக்கு மேற்பூச்சாக ஒட்டும் ரப்பரைச் செய்யத் தொடங்கினார். 1961-இல் திருவொற்றியூரில் முழு டயரே செய்தார். பிஸ்டன், பிரேக், டயர்! ஒரு வண்டியில் எவை முதலில் தேய்கின்றனவோ, அவற்றைச் செய்யும் தொழில்களே இங்கே வேர் பிடித்தன. அரசின் கொள்கை வழி திறந்தது உண்மை. மூலதனம் வந்ததும் உண்மை. ஆயினும் எந்த உறுப்பு, எப்படி, ஏன் தேய்கிறது என்று முப்பது நாற்பது ஆண்டுகள் பட்டறையில் பார்த்துப் பழகிய கைகள் இல்லாவிடின், அக்கொள்கையும் மூலதனமும் இவ்வளவு விரைவில் பயன் தந்திரா என்பது என் துணிபு.

அக்கைகள் கற்றுத்தந்த முறை எளியது. எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். வண்டி நின்றால், இவற்றுள் எது வரவில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லையேல் பாட்டரியைப் பார். அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து இறுக்கு. சுழன்றும் ஓடவில்லையேல் பெட்ரோலையும் பிளக்கையும் பார். பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினால், எண்ணெய் ஒழுகுகிறது அல்லது குழாயில் காற்றுப் புகுந்துள்ளது, அவ்வண்டியை ஓட்டாதே. டயரின் காற்றை வண்டி ஓடுமுன், அது குளிர்ந்திருக்கும்போதே அள. மாற்றுச் சக்கரத்தையும் மறவாதே. மலையில் எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

இன்று கார்புரேட்டர் மறைந்துவிட்டது. எரிபொருளை அளந்து பீச்சுவது கணிப்பொறி. பழைய அம்பாசடர் வண்டியின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. மின்சாரக் கார்களில் எஞ்சின் எண்ணெயும் இல்லை, பிளக்கும் இல்லை. மெக்கானிக்கின் கையில் திருப்புளியோடு, பழுதின் குறியெண்ணைப் படிக்கும் கருவியும் சேர்ந்துவிட்டது. எனினும் டயர் தேய்கிறது, பிரேக் தேய்கிறது, குளிர்விக்கும் நீர் குறைகிறது. முகப்புப் பலகையில் விளக்குகள் முன்னிலும் மிகுதி. மஞ்சள் எரிந்தால் விரைவில் கவனி என்று பொருள்; சிவப்பு எரிந்தால் உடனே நிறுத்து என்று பொருள். அன்று எனக்கு எரிந்த அதே சிவப்புத்தான்.

சென்ற ஆண்டு தம்பியும் நானும் மீண்டும் திருத்தணிக்குப் போனோம். இப்போது மலைமேல் வரை காரிலேயே செல்லலாம். ஆயினும் முதுமை தடுத்த அளவுக்குச் சில படிகளேனும் ஏறுவோம் என்றான் அவன். புளியமரமும் இல்லை, கொட்டகையும் இல்லை. அம்மெக்கானிக்கின் பெயரை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. புறப்படுமுன் நான் வழக்கம்போல் நீர், எண்ணெய், காற்று மூன்றையும் பார்த்தேன். தம்பி தழும்புக் கையை நீட்டி, "மூடியை நீயே திற, அண்ணா" என்றான். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபின் திறந்தேன்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்பது அரசர்களும் கண்டுபிடிப்பாளர்களும் மட்டும் எழுதியது அன்று. ஓடுவதை ஓடவைத்துக்கொண்டிருந்தவர்களும் அதில் பங்குடையர். உங்கள் வீட்டு வண்டி பழுதாகிப் பட்டறைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். வேலை செய்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.