சமையல் எரிவாயு மானியம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

பெரம்பலூரும் அரியலூரும் மானாவாரி வேளாண்மை மிகுந்த மாவட்டங்கள். பருத்தியும் மக்காச்சோளமும் அறுவடையான பின் மிஞ்சும் பருத்திமார், கதிர்ச் சக்கை, தரிசு நிலத்துச் சீமைக்கருவேல விறகு ஆகியவற்றைக் கொண்டே இங்கு நெடுங்காலம் சமையல் நடந்தது. இவற்றுக்குப் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெண்கள் பொறுக்கிச் சுமந்து வந்தார்கள், புகையையும் அவர்களே சுவாசித்தார்கள். சமையல் எரிவாயு காசில்லாத இந்த விறகோடுதான் போட்டியிட வேண்டியிருந்தது.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதிப்படி, ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்புடன் இலவச எரிவாயு இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2007-இல் தொடங்கியது. அப்போது அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-இல் தனி மாவட்டமானது. ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1-இல்தான் வந்தது.

இணைப்பு ஒருமுறைச் செலவு. 14.2 கிலோ சிலிண்டரை மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும். மானியம் இல்லாவிட்டால் ஏழை வீடு விறகுக்குத் திரும்பிவிடும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அதிகம் எரிப்பவருக்கே அதிக மானியம் போகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2012 செப்டம்பர் வரை மானிய சிலிண்டர்களுக்கு ஆண்டு வரம்பே இல்லாததால் இதில் உண்மை இருந்தது. ஆறு சிலிண்டர் என்று அப்போது விதித்த வரம்பு பின்னர் ஒன்பதாகி, 2014-இல் பன்னிரண்டானது. வீட்டு சிலிண்டர்கள் தேநீர்க் கடைகளுக்குப் போவது மற்றொரு குறை. இதைத் தடுக்க 2015 முதல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. கசிவு குறைய இது உதவியது. ஆனால் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. நாட்கூலிக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று.

2020-இல் பொது வாடிக்கையாளர்களுக்கான மானியம் ஏறக்குறைய நின்றது. 2022 மே மாதம் உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயானது. தகுதியானவருக்கு மட்டும் மானியம் என்ற கொள்கை இங்குதான் இடறுகிறது. ஏற்கெனவே எரிவாயு இணைப்புள்ள குடும்பம் உஜ்வலாவில் சேர முடியாது. ஆகவே, மாநில அரசின் இலவச இணைப்பை முன்பே பெற்ற குடும்பம் இன்றும் ஏழையாக இருந்தாலும் இந்த மானியத்துக்கு வெளியே நிற்கிறது. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரே தெருவில், ஒரே கூலிக்குப் போகும் இரு வீடுகள் சிலிண்டருக்கு வெவ்வேறு விலை கொடுப்பது இதனால்தான்.