கிளையன்ட் அணுகல் உரிமம்

கிளையன்ட் அணுகல் உரிமம் என்பது சர்வரின் சேவையைப் பயன்படுத்துவதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் தனியாக விற்கும் அனுமதி. சுருக்கமாக சி.ஏ.எல். என்பர், கணினி நிர்வாகிகளின் பேச்சில் அது ‘கேல்’. விண்டோஸ் சர்வரை விலைகொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவிவிட்டால் மட்டும் போதாது. அதிலுள்ள கோப்பைத் திறக்கும், அதன் வழியாக அச்சிடும், கடவுச்சொல் கொடுத்து அதில் நுழையும் ஒவ்வோர் ஆளுக்கோ ஒவ்வொரு கருவிக்கோ ஓர் உரிமம் வேண்டும். இது நிறுவப்படும் மென்பொருள் அன்று. வட்டில் கோப்பாக இராது. பெரும்பாலான வேளைகளில் சர்வர் இதைச் சரிபார்ப்பதும் இல்லை. ஒப்பந்தத்தில் மட்டுமே வாழும் உரிமை இது. எதை எண்ணுவது, இணைப்பையா, இயந்திரத்தையா, மனிதரையா என்ற கேள்விக்குக் காலந்தோறும் மாறிவந்த விடைதான் இதன் வரலாறு.

மென்பொருளுக்குத் தனி விலை என்ற வழக்கம் ஐ.பி.எம். நிறுவனத்தின் 1969 ஜூன் 23 அறிவிப்போடு வேரூன்றியது. 1980களில் அலுவலக வலையமைப்புகளில் கோலோச்சிய நோவெல் நெட்வேர், பயனர் எண்ணிக்கைப்படி பொதிகளாக விற்கப்பட்டது: 5 பேருக்கு, 100 பேருக்கு, 250 பேருக்கு எனத் தனித்தனிப் பொதி. வாங்கிய எண்ணிக்கை நிரம்பியதும் அடுத்தவரை நெட்வேர் உள்ளே விடாது. ஒரே வரிசை எண் கொண்ட இரு சர்வர்கள் ஒரே வலையமைப்பில் இயங்கினால் அவை ஒன்றையொன்று கண்டுகொண்டு, காப்புரிமை மீறல் என்று எல்லோர் திரையிலும் அறிவிப்பு அனுப்பும். கணக்குப் பார்ப்பதில் அதற்குப் பின்வந்த விண்டோஸ் சர்வர் இவ்வளவு கண்டிப்புக் காட்டியதில்லை.

1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்.டி. அட்வான்ஸ்டு சர்வர் 3.1 ஒரே விலையில், தன்னை அணுகும் கணினிகளான கிளையன்ட்களை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றுக்கொண்டது. 1994 செப்டம்பரில் வந்த 3.5 பதிப்பில் விலை இரண்டாகப் பிரிந்தது: சர்வருக்கு ஓர் உரிமம், அதை அணுகுவோருக்கு வேறு உரிமம். கேல் என்ற ஏற்பாடு இங்கே பிறக்கிறது.

இந்த ஏற்பாடு இரண்டு முறைகளைத் தந்தது. ‘பெர் சர்வர்’ முறையில் ஒரே நேரத்தில் அந்தச் சர்வரோடு எத்தனை இணைப்புகள் இருக்கலாம் என்பதே கணக்கு. ‘பெர் சீட்’ முறையில் ஒவ்வொரு கிளையன்ட் கணினிக்கும் ஓர் உரிமம். அதைக் கொண்டு எத்தனை சர்வர்களை வேண்டுமானாலும் அணுகலாம். 40 கணினிகளும் ஒரே சர்வரும் கொண்ட அலுவலகத்தில் ஒரு நேரத்தில் 15 பேர்தான் வேலை செய்வார்கள் என்றால் முதல் முறையில் 15 உரிமங்கள் போதும். அதே அலுவலகம் மூன்று சர்வர்கள் வைத்து, 40 பேரும் மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்தினால் முதல் முறையில் 120 வேண்டும். இரண்டாம் முறையில் 40 போதும். வளரும் நிறுவனங்களை எண்ணி, பெர் சர்வரிலிருந்து பெர் சீட்டுக்கு ஒரே ஒரு முறை மாற அனுமதி இருந்தது. திரும்பிவர வழியில்லை.

இதற்கெனக் கண்ட்ரோல் பேனலில் ‘லைசென்சிங்’ என்று ஒரு சிறு சாளரம் இருந்தது. நிர்வாகி எத்தனை உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதை அவரே அதில் தட்டச்சு செய்வார். ஒப்பந்தத்தைப் படித்து ஏற்கிறேன் என்ற பெட்டியில் குறியிடுவார். சர்வர் அதை அப்படியே நம்பும். பின்னணியில் இயங்கிய லைசென்ஸ் லாகிங் சேவை கணக்கை எழுதிவரும். எண்ணிக்கை மீறும்போது 201 என்ற எண்ணுடன் ஒரு பதிவு நிகழ்வுப் பட்டியலில் விழும். பெர் சர்வர் முறையில் வரம்பு நிரம்பி மற்றவர்கள் வெளியே நின்றாலும், நிர்வாகிக்கு மட்டும் கதவு திறக்கும்: அவர் உள்ளே வந்தால்தானே உரிம எண்ணிக்கையைக் கூட்ட முடியும்! வணிக விதியொன்றுக்குள் இப்படி ஒரு கரிசனம் இருந்தது குறிக்கத்தக்கது.

இணைப்புகளை எண்ணுவது குறித்து 1996இல் ஒரு தகராறு எழுந்தது. மலிவான என்.டி. ஒர்க்ஸ்டேஷன் 4.0ஐ இணையச் சர்வராகப் பயன்படுத்துவோரைத் தடுக்க, பத்து நிமிடத்தில் பத்து ஐ.பி. முகவரிகளுக்கு மேல் இணைய முடியாதபடி சோதனைப் பதிப்பில் வரம்பு வைக்கப்பட்டது. தாமே இணையச் சர்வர் மென்பொருள் விற்றுவந்த பதிப்பாளர் டிம் ஓரைலி இதை வெளிப்படையாக எதிர்த்தார். மென்பொருளிலிருந்த வரம்பு நீக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் பத்து என்ற எண் நீடித்தது. ஒர்க்ஸ்டேஷன், சர்வர் ஆகிய இரு பதிப்புகளும் வெவ்வேறு பணிகளுக்காகச் செப்பனிடப்பட்டவை என்று மைக்ரோசாப்ட் கூறியது. இரண்டின் கருநிரலும் (கெர்னல்) ஒன்றே, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சில மதிப்புகளே அதன் நடத்தையை மாற்றுகின்றன என்று மென்பொருள் ஆய்வாளர்களான ஆண்ட்ரூ ஷுல்மனும் மார்க் ரசினோவிச்சும் எழுதினர். வரம்பு பொறியியல் தேவையா, விலைப் பாகுபாடா என்பதில் இரு தரப்பும் உடன்பட்டதாகத் தெரியவில்லை.

2003 ஏப்ரல் 24இல் வெளியான விண்டோஸ் சர்வர் 2003 மனிதரையும் எண்ணத் தொடங்கியது. கருவி கேல், பயனர் கேல் என்ற இன்றைய பிரிவு அதனுடையது. மருத்துவமனை வார்டில் ஒரு கணினியை மூன்று ஷிப்டிலும் மூன்று செவிலியர் மாறிமாறிப் பயன்படுத்தினால் ஒரு கருவி கேல் போதும். மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றையும் வைத்திருக்கும் ஒரே விற்பனை அலுவலருக்கு ஒரு பயனர் கேல் போதும். லைசென்ஸ் லாகிங் சேவை இப்பதிப்பில் முன்னிருப்பாக நிறுத்திவைக்கப்பட்டது. 2008 பதிப்பில் அது இல்லை.

உரிமத்தைச் சர்வர் சரிபார்ப்பதில்லை என்ற வழக்கத்துக்கு, தொலைவிலிருந்து சர்வரில் வேலைசெய்ய உதவும் டெர்மினல் சர்வீசஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே உரிமத்துக்கென்று தனிச் சர்வர் உண்டு. முதலில் 90 நாள் தற்காலிக உரிமம் கிடைக்கும். பிறகு நிரந்தரக் கருவி உரிமம் கிளையன்ட்டின் ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதப்படும். நிரந்தரம் என்றாலும் அதற்கு 52 முதல் 89 நாள்வரை ஏதேனும் ஒரு காலக்கெடு. கணினி வந்துபோய்க்கொண்டிருந்தால் உரிமம் புதுப்பிக்கப்படும், பழுதாகிப் போய்விட்டால் உரிமம் தானே பொதுக் கணக்குக்குத் திரும்பும்.

மேம்படுத்தல் விதி சொல்வதற்கு எளிது, செலவில் கடுமையானது. கேலின் பதிப்பு சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். புதிய கேல் பழைய சர்வரைத் திறக்கும். பழைய கேல் புதிய சர்வரைத் திறக்காது. ஒரே ஒரு சர்வரை உயர்த்தினாலும் அதைத் தொடும் அத்தனை பேருக்கும் புதிய உரிமம் வேண்டும். 2003, 2008, 2012 ஆகியவற்றின் ஆர்2 பதிப்புகளுக்கு மட்டும் முந்தைய கேல்களே செல்லும். முன்பு மொத்தமாக உரிமம் வாங்கும் வாடிக்கையாளர்கள் குறைந்த விலையில் மேம்படுத்தல் உரிமம் வாங்க முடிந்தது. 2001இல் அறிவிக்கப்பட்ட லைசென்சிங் 6.0 என்ற உரிமத் திட்டம் அதை நிறுத்தி, சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற ஆண்டுச் சந்தாவைக் கொண்டுவந்தது. சர்வர் மென்பொருளுக்கு அது ஆண்டுதோறும் உரிம விலையில் 25 விழுக்காடு. எதிர்ப்பு வலுத்ததால் புதிய திட்டத்துக்கு மாறுவதற்கான கெடு இருமுறை தள்ளிப்போய், 2002 ஜூலை 31இல் முடிந்தது.

இடையில் வேறொரு மென்பொருளை வைத்துப் பல பயனர்களை ஒரே இணைப்பாகக் காட்டினாலும் உரிம எண்ணிக்கை குறையாது என்பது நெடுநாள் விதி. ஐ.பி. முகவரி மட்டும் பெறும் அச்சுப்பொறிக்கும் கேல் தேவையா என்பது நிர்வாகிகளிடையே ஓயாத விவாதம். தேவை என்பதே மைக்ரோசாப்டின் நிலைப்பாடு. இதையொத்த மறைமுக அணுகல் வழக்கில் 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், உரிமப் பொறுப்பு குறித்து டியாஜியோ நிறுவனத்துக்கு எதிராக, மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யின் பக்கம் தீர்ப்பளித்தது.

2012 டிசம்பரில் பயனர் கேல் விலை 15 விழுக்காடு உயர்ந்தது. 2016 பதிப்பில் சர்வர் உரிமம் செயலிக் கோர் எண்ணிக்கைக்கு மாறியது. கேல் அப்படியே தொடர்ந்தது. விண்டோஸ் சர்வர் 2025இல் பயன்பாட்டுக்கேற்ப மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் வழியும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் சர்வர் 2016க்கான நீட்டித்த ஆதரவு 2027 ஜனவரி 12இல் முடிகிறது. சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ் சந்தா இல்லாமல் வாங்கிய 2016 கேல்கள் அதற்குப் பிந்திய எந்தப் பதிப்பையும் அணுகச் செல்லா.