நூற்றுக்கு நாலு பேர்: ஓர் இதயக் கணக்கின் வரலாறு



"புள்ளியியல் படிச்சு என்னப்பா பண்ணப் போறே?" என்ற கேள்வியை நம் துறை மாணவர்களில் பலர் கேட்டிருப்போம். பதிலாக, நம் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றை இங்கே தருகிறேன்.

இதயத் தசை தானாகவே தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு வரும். சிலருக்கு இளவயதிலேயே திடீர் மரணம் நேரும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் தங்கராஜ் ஆகியோரடங்கிய குழு, இதயத் தசைக்கான மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஆராய்ந்தது. நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இங்கேதான் புள்ளியியலாளருக்கு வேலை. நோயாளிகளை ஓர் ஊரிலும் மற்றவர்களை வேறு ஊரிலும் பொறுக்கினால், ஊர் வித்தியாசமே நோய் வித்தியாசமாகத் தெரிந்துவிடும். இதயத் தசைநோயாளிகள் 800 பேரையும் நோயில்லாத 699 பேரையும் ஒப்பிட்டார்கள். முதலில் கண்டதை இன்னொரு குழுவினரிடமும் சரிபார்த்தார்கள். 2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் முடிவு வெளியானது: தொடர்பு ஏறத்தாழ 7 மடங்கு; நம்பக எல்லை 3.68 முதல் 13.57 வரை. அதோடு, இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இந்தக் குறை உண்டு என்றும் தெரிந்தது.

பயந்துவிடாதீர்கள். கொள்ளிடக் கரையிலுள்ள என் ஊரான திருமானூர்ப் பக்கத்தில் 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். குறை உள்ளவர்கள் 400 பேர். தசை தடித்த நோயாளிகளோ 20 பேர்தான். அந்த 20 பேரிடமும் குறை இருந்தாலும், மீதி 380 பேருக்கு அந்த நோய் இல்லையே! அவர்களை நோயாளி என்று சொல்லிவிட்டால் கல்யாணம், வேலை எல்லாமே பாதிக்கும்.

2020-இல் வெளியான மறு ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. குறை உள்ளவர்களில் ஒரு சிலரிடம் மட்டும், அதே மரபணுவில் இன்னொரு ஒற்றை எழுத்து மாற்றமும் சேர்ந்தே வருகிறது. தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை ஆபத்து அந்த மாற்றத்தால்தான். 25 எழுத்துக் குறை மட்டும் உள்ளவர்களுக்கு அல்ல. 2009-ஆம் ஆண்டுக் கணக்கும் பொய்யில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு, அவ்வளவுதான்.

குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவர்களும் டாக்டரிடம் காட்டி எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே! ஆபத்து யாருக்கு என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. யாருக்கு இல்லை என்று சொல்லி, நூற்றுக்கணக்கான வீடுகளில் நிம்மதி தருவது மீதி வேலை. நம் படிப்புக்கு இரண்டும் உரியவை.