வன்னிக் கூரைகளுக்குச் சூரிய மின்சாரம் வந்த வழி

வன்னியிலுள்ள வவுனியா வடக்குப் பிரதேச சபை இயங்குவது நெடுங்கேணியில். வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி தரும் இந்தச் சபையின் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்து வருகிறது. இலங்கையின் கட்டட அனுமதி முறையோ அதைவிடப் பழையது. கொழும்பில் பிளேக் பரவிய 1914க்கு மறு ஆண்டு இயற்றப்பட்ட, 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே அதன் வேர். வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பது அதன் பெருங்கவலை. அதற்கு வெயில் சுகாதார விடயம். எரிசக்தி என்ற எண்ணம் அதில் இருக்க நியாயமில்லை.

வன்னியில் அந்த எண்ணம் பஞ்சத்திலிருந்து பிறந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் மின்கலங்களும் கட்டுப்படுத்தப்பட்டன. ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுக் கணக்கில் எண்ணெய் ஊற்றிய காலத்தில், சோலார் தகடு வைத்திருந்தது சிலரே. தெற்கின் மின்கம்பி எட்டாத கிராமங்களில் நிலைமை வேறு. 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டங்கள் அங்கே கடன் கொடுத்து வீட்டுச் சோலார் தொகுதிகளைப் பரப்பிக்கொண்டிருந்தன. ஒரே தீவின் இரு பாகங்கள் ஒரே கருவியை இப்படி இரு வேறு காரணங்களால் அறிந்துகொண்டன.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடு வீடமைப்பு பெரும் அலையாக வந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. அவற்றில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் பயனாளி ஒருவருக்கு 5,50,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டைக் கட்டுவிப்பது பயனாளியின் பொறுப்பு. கல், மணல், மேசன் கூலி என்று எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் அடக்கப் பலர் கடன்பட்டனர். அந்தக் கணக்கில் சோலாருக்கு இடமில்லை. மின்கம்பி ஊருக்குள் வந்துகொண்டிருந்ததால் அதைக் குறையாக எண்ணியவர்களும் குறைவு.

சோலாரும் புதிய வீடும் பெரிய அளவில் ஒரே ஏட்டில் எழுதப்பட்டது 65,000 உருக்கு வீட்டுத் திட்டத்தில். ஆர்செலர் மிட்டல் நிறுவனத்துக்கு வழங்கப்படவிருந்த இந்த வீடுகளைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘பொருத்து வீடு’ என்றன. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. தளபாடம், தொலைக்காட்சி ஆகியவற்றோடு சூரியத் தகடும் பொதியில் இருந்தது. 2016இல் எதிர்ப்பு மூண்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் சிலரும் விலையையும், வெப்பத்துக்குப் பொருந்தாமையையும், உருக்கின் ஆயுளையும் கேள்விக்குள்ளாக்கினர். ஏறத்தாழப் பாதி விலையில் கல்வீடு கட்டலாம் என்பது மாற்று யோசனை. முழுத் திட்டமும் நிறைவேறவில்லை.

இதைச் சோலாருக்கு எதிரான தீர்ப்பு என்று வாசிப்பது தவறு. அடுப்படியில் விறகு எரிப்பதற்கும், பின்னாளில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கும் இடம் தராத வீட்டுக்குச் சூரியத் தகடு ஒரு அலங்காரம் மட்டுமே. இன்னொன்றும் உண்டு: வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது கொழும்பின் அமைச்சில் முடிவானது, நெடுங்கேணி போன்ற சபையின் மேசைக்கு அந்த முடிவு வந்துசேரும் வாய்ப்பே இருக்கவில்லை.

அதே 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலார் திட்டம் தொடங்கியது. மேலதிக மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் வழிகள் அதனால் விரிந்தன. தகடு பொருத்தும் அனுமதி வீட்டுக்காரருக்கும் மின்சார சபைக்கும் இடையிலான ஒப்பந்தமானது. இன்று கூரையில் தகடு ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது வீட்டு வரைபடமன்று, தெருவில் தொங்கும் மின்மாற்றியின் கொள்ளளவு. 2022இன் 13 மணிநேர மின்வெட்டும் அடுத்தடுத்த கட்டண உயர்வும் வசதியுள்ளோரைச் சோலார் பக்கம் தள்ளின. தேவை அதிகமுள்ள வீட்டுத்திட்டக் குடும்பங்களுக்கு அந்த முதலீடு எட்டவில்லை.

சட்டத்தால் கட்டாயப்படுத்தும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டம் மழைநீர் சேகரிப்பைக் கட்டட நிபந்தனைகளுக்குள் கொண்டுவந்தது. வெளியே, இஸ்ரேல் 1980இலேயே புதிய வீடுகளுக்குச் சூரிய நீர்சூடாக்கியைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியா 2020இல் சூரிய மின்சாரத்தை. நெடுங்கேணிக்கு அதிகம் கற்பிப்பது ஜேர்மனியின் மார்புர்க். அந்தச் சிறு நகரசபை 2008இல் புதிய கட்டடங்களுக்குச் சூரிய வெப்பத் தொகுதியை நிபந்தனையாக்க முயன்றபோது மேல்நிலை நிர்வாகம் மறித்தது. ஊர்ச் சபை எவ்வளவு தூரம் கேட்கலாம் என்ற வழக்கு, சூரியனைப் பற்றிய வழக்கைவிடப் பெரிதாக நின்றது.

இங்கு பிரதேச சபை கேட்கக்கூடியது, தகடு பொருத்து என்பதாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் பாகைக்கு அருகே வெயில் ஏறக்குறைய தலைக்கு நேரே விழுவதால் கூரையின் திசை பெரிய தடையாகாது. தகட்டைத் தாங்கும் கைமரமும், கம்பி இறங்கக் குழாயும், வளவின் மாமர நிழல் விழாத ஒரு பக்கமும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டால் பின்னாளில் செலவு குறையும். தகடு ஏறினாலும் மின்கட்டமைப்பின் எல்லை நிற்கிறது: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, மே 6இல், உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பிரதேச சபையின் புதிய உறுப்பினர்களுக்கு மின்மாற்றியின் கொள்ளளவைக் கூட்டும் அதிகாரமில்லை. கைமரத்தைப் பற்றிக் கேட்க அதிகாரம் இருக்கிறது.