சக்கர நாற்காலியும் பந்தய வேட்கையும்

அந்தமான் தீவுகளில் வாழும் நமக்கு நீச்சல் புதிய வித்தையன்று. நீர் உடலைத் தாங்கும் என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். சக்கர நாற்காலி வீரர்களைப் பற்றிப் பேசப் புகும் நாம் நீரை முதலிற் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்கு முதல் தங்கம் நீரிலேதான் கிடைத்தது. அதனை வென்றவர் நடக்க இயலாத ஒரு போர்வீரர்.

முதலில் இப்போட்டிகள் பிறந்த வகையைச் சிறிது காண்போம். முதுகுத்தண்டில் அடிபட்டவர் நெடுநாள் வாழார் என்றே மருத்துவ உலகம் ஒரு காலத்தில் எண்ணியிருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களை மாய்த்தன. ஜெர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்து வந்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்று நடத்தினார். விளையாட்டை மருந்தாக விதித்தவர் அவரே என்பர். ஆயினும் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. நோயாளிகள் சிலர் நாற்காலிகளில் அமர்ந்தவாறே கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வட்டைத் தட்டி விளையாடுவதை அவர் கண்ணுற்றார். அதிலிருந்தே சக்கர நாற்காலிப் போலோ தோன்றியது. மருத்துவர் விதிக்குமுன்பே நோயாளிகள் ஆடத் தொடங்கிவிட்டனர்! அப்போலோ மிக முரட்டு ஆட்டமாயிருந்தமையால் பின்னர்க் கைவிடப்பட்டது. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 முன்னாள் படையினர் அங்கே வில்வித்தையிற் போட்டியிட்டனர். 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளினர் கூடினர்.

நம் நாட்டு வீரர் முரளிகாந்த் பேட்கரின் கதையும் இவ்வுண்மையையே காட்டுகிறது. மகாராஷ்டிரத்தின் சாங்க்லி மாவட்டத்தில் 1944-இல் பிறந்த அவர், இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக விளங்கியவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் அவர் உடலிற் குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகெலும்பிலேயே தங்கிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. சிகிச்சையின் பொருட்டே அவர் நீரில் இறங்கினார். ஆனால் வெறும் சிகிச்சைக்கு வினாடிக் கணக்கு எதற்கு? குத்துச்சண்டை மேடையில் எதிரியை அளந்து பழகிய நெஞ்சம் நீச்சற் குளத்திலும் எதிரியைத் தேடியது என்றே நாம் கருதுகிறோம். 1968-இல் டெல் அவிவ் நகரில் மேசைப்பந்தாட்டம் ஆடினார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடிகளில் கடந்து, உலக சாதனையுடன் தங்கம் பெற்றார். ஈட்டி எறிதலிலும், சக்கர நாற்காலியை வளைத்து வளைத்துச் செலுத்தும் பந்தயத்திலும் அங்கேயே கலந்துகொண்டார்.

போலியோவால் பாதிக்கப்பட்ட தமிழகத்தின் மாதவி லதாவும் உடல்நலம் கருதியே நீரில் இறங்கிப் பின்னர்ப் போட்டி வீராங்கனையானவர். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு இந்தியாவில் ஒரு சம்மேளனம் அமையவும் முன்னின்றார்.

இத்தகையோரை நாம் இரக்கத்தோடு நோக்குகிறோம். அவர்களோ எதிராளியின் வேகத்தை நோக்குகிறார்கள். இவ்வேற்றுமையை நாடு உணர நெடுங்காலம் ஆயிற்று. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கத்தை இந்தியர் ஒருவர் வென்றது 2008-இல், பேட்கர் வென்று 36 ஆண்டுகள் கழித்து. அவருக்குப் பத்மஸ்ரீ 2018-இல் கிடைத்தது. விளையாட்டு வீரருக்குரிய அர்ஜுனா விருது, வாழ்நாள் சாதனைக்கென, 2025 ஜனவரியில் வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 80.