தனித்தவமும் திருக்கூட்டமும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர், இப்போது வீட்டு மனைகளாக மாறிக்கொண்டு வருகிறது. இந்த ஊரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், வடமேற்கே பூசலார் நாயனாரின் திருநின்றவூர் அதற்குள் வரும். தென்மேற்கே திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். தெற்கே காமாட்சி தவம் செய்ததாகச் சொல்லும் மாங்காடு, அதையும் தாண்டினால் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர். இன்னும் கொஞ்சம் போனால், பத்து நாள் விபாசனா முகாம் நடக்கும் தம்ம சேது மையம் இருக்கிற திருமுடிவாக்கம். மனத்தை ஒருமுகப்படுத்தி உட்காருவதைப் பற்றித் தமிழில் உள்ள பழைய கதைகளில் பலவும் இந்தச் சிறிய நிலப்பரப்புக்குள் நடந்தவை. தியானம் தனி ஆளின் காரியம், பத்துப் பேர் சேர்ந்து கண்ணை மூடி உட்காருவது நம் காலத்தில் வந்த பழக்கம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கதைகளையும் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. தனியே இருந்தவரைத் தாங்கிக்கொள்ள எப்போதும் ஒரு துணை இருந்தது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மாறியது, அந்தத் துணையாக யார் வரலாம் என்பதுதான்.

தனித்தவத்துக்குப் பூசலாரை விடச் சிறந்த சான்று கிடையாது. சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்பட்டார். எங்கே தேடியும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். நிதி சேர்த்தார், தச்சரைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், அடுக்கடுக்காக எழுப்பிச் சிகரம் வைத்தார், கிணறும் குளமும் மதிலும் முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு வைத்திருந்தான். அவன் கனவில் சிவன் தோன்றி, அன்றைக்குத் திருநின்றவூரில் பூசலார் கோயிலுக்குப் போவதாகவும், அவன் வேறு நாள் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து கேட்டபோது, அப்படி எந்தக் கோயிலும் இங்கே கட்டவில்லை என்றார்கள் ஊரார். அந்த மன்னன் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கதையில் என் கவனத்தை இழுப்பது மன்னனின் வருகையைவிடப் பூசலாரின் முறை. அவர் வெறுமனே கண்ணை மூடிக்கொண்டு ஒளியைத் தேடவில்லை. கோயில் வேலை எந்த வரிசையில் நடக்குமோ அந்த வரிசையில், எந்தப் படியையும் தாண்டாமல், கவனம் சிதறாமல் நாள்கணக்கில் நடந்தார். ஆகமம், தச்சர் மரபு, நாள் பார்க்கும் வழக்கம் எல்லாம் ஊரிடமிருந்து வந்தவை. ஆள் தனி, மனத்துக்குள் நடந்த வேலை ஒரு சமூகம் பல தலைமுறையாகக் கற்றுத் தந்த வேலை.

இந்தக் கதையை விரித்துப் பாடிய சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசில் பெரும் பதவி வகித்தவர். பூசலார் பெயர் அவருக்கு முன்பே சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் இருந்தது. தொகை என்ற சொல்லே கூட்டத்தைக் குறிக்கிறது. சேக்கிழார் தன் நூலின் முற்பகுதியில் திருக்கூட்டச் சிறப்பு என்று ஒரு பகுதியே வைத்து, அடியார்கள் ஒன்றாகக் கூடியிருக்கும் காட்சியைப் புகழ்ந்த பிறகுதான் தனித்தனி ஆள்களின் கதைக்குப் போகிறார். யாருக்கும் தெரியாமல் மனக்கோயில் கட்டியவருக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு. மயிலாப்பூரில் அதேபோல் மனத்துக்குள்ளேயே பூசை செய்த வாயிலாருக்கும் உண்டு. அடுத்த நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் நூற்பா இன்னும் ஒரு படி மேலே போகிறது. மலம் நீங்கி ஞானம் பெற்றவரும் அன்பரோடு கூடியே இருக்க வேண்டும் என்கிறது அது. பயிற்சி தொடங்குகிறவனுக்குத் துணை வேண்டும் என்பது எல்லாரும் சொல்லக்கூடியது. பயிற்சி முடிந்தவனுக்கும் வேண்டும் என்று சொல்ல, மனித மனத்தின் நழுவலைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருந்திருக்க வேண்டும்.

வைணவத்திலும் இதே பாடம். திருமழிசையாரை யோகத்தில் ஆழ்ந்தவராகவே குருபரம்பரைக் கதைகள் காட்டுகின்றன. சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவரைப் பேயாழ்வார் தேடி வந்தார். செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்து, அவரே வாய் திறந்து கேட்கும்படி செய்து தன் பக்கம் இழுத்தார். பிறகும் அவர் தனியே இல்லை. கணிகண்ணன் என்ற சீடர் கூடவே இருந்தார். பல்லவ மன்னன் கணிகண்ணனைக் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னபோது ஆழ்வாரும் கிளம்பினார், பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். திருவெஃகாவின் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்திருக்கிறது. யோகிக்குத் துணையாக இருந்தவன் வெளியேற்றப்பட்டால் யோகிக்கும் அந்த ஊரில் வேலை இல்லை என்பதே கதையின் தீர்ப்பு.

விழிப்புணர்வுத் தியானம் என்று இன்று அழைக்கப்படும் பயிற்சியின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. அந்த வேரின் ஒரு கிளை இதே தொண்டை நாட்டைத் தொட்டுச் சென்றது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சியில் 100 விகாரங்களையும் 10,000 துறவிகளையும் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே, தியான முறைகளுக்கெல்லாம் கையேடு போன்ற விசுத்திமக்கத்தைத் தொகுத்த புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்ததாகத் தன் உரை நூல் ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். அவர் எழுதியது அனுராதபுரத்தில். அந்த நூல் தியானத்துக்குரிய பொருள்களை 40 என்று எண்ணுகிறது. அவற்றில் எது ஒருவருக்குப் பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பவரைக் கல்யாணமித்திரர் என்கிறது, அதாவது நல்ல நண்பர். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு பட்டியல். தியானத்துக்கு ஒவ்வாத விகாரத்தின் குறைகள் 18 என்று சொல்லி, முதல் குறையாக விகாரம் மிகப் பெரிதாக இருப்பதை வைக்கிறது. கடைசிக் குறையாக அங்கே நல்ல நண்பர் கிடைக்காததை வைக்கிறது. ஆள் நிறைந்தால் சச்சரவும் வேலையும் பெருகி மனம் கலையும். ஆளே இல்லாவிட்டால் தவறினால் எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. தனிமையா கூட்டமா என்று இன்று நாம் கேட்கும் கேள்வியை, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அளவுக் கேள்வியாக மாற்றிவிட்டார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மாங்காட்டுக் காமாட்சி ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக் கால் விரலில் நின்றாளே, அவளுக்கு யார் துணை? 1896 செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு வந்து பாதாள லிங்கத்தின் இருட்டில் அமர்ந்த பதினாறு வயது ரமணருக்கு எந்தக் கூட்டம் இருந்தது? உச்சநிலைத் தவம் எப்போதும் தனியே நடந்தது, கூட்டம் நம்மைப் போன்றவர்களுக்கான சலுகை என்று சொல்லலாம். மறுப்பின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நடப்பதை வேறொருவர் நமக்காகச் செய்ய முடியாது. மூச்சைக் கவனிப்பவர் அவரவர்தான். ஆனால் ரமணரின் வரலாற்றை உற்றுப் பார்க்க வேண்டும். பாதாள லிங்கத்தில் அவர் மீது சிறுவர்கள் கல் எறிந்தபோது காவலாக இருந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். பூச்சி கடித்துப் புண்ணான உடம்பைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர்கள் வேறு சிலர். அடுத்த ஆண்டிலிருந்து பழனிசுவாமி என்பவர் கூடவே இருந்து உணவையும் உடம்பையும் பார்த்துக்கொண்டார். விரூபாட்ச குகையில் இருந்த 1899 முதல் 1916 வரையான காலத்தில் மெல்ல மெல்ல ஒரு கூட்டம் சேர்ந்தது, அதில் பலர் எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மாங்காட்டுக் கதைக்கும் பின்பகுதி இருக்கிறது. அங்கே தொடங்கிய தவம் காஞ்சியில் முடிகிறது. அங்கே அவள் இருநாழி நெல் கொண்டு முப்பத்திரண்டு அறம் வளர்த்தவள், ஊருக்குச் சோறு போட்டவள். தனிமை அந்தத் தவத்தின் நடுப்பகுதி. முழுக் கதை அது அல்ல.

இந்தப் பழைய துணை எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்பதுதான் இதைவிடக் கடினமான மறுப்பு. கிடைக்கவில்லை. நாயன்மாரில் நந்தனாரும் திருநாளைப்போவார் என்ற பெயரோடு இருக்கிறார். அந்தப் பெயரே அவர் எத்தனை நாள் வெளியே நிற்க வேண்டியிருந்தது என்பதற்குச் சாட்சி. உபதேசம் குருவிடமிருந்து தகுதியுள்ளவருக்கு என்ற ஏற்பாட்டில் தகுதியைப் பிறப்புத் தீர்மானித்த இடங்கள் ஏராளம். ஆகவே 1865இல் வள்ளலார் தன் அமைப்புக்குச் சங்கம் என்று பெயர் வைத்ததை நான் பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன். சிறுவயது முதல் சென்னையில் வளர்ந்து திருவொற்றியூர்க் கோயிலில் மணிக்கணக்காக மனம் கரைந்தவர் அவர். ஆனால் சாதியும் சமயமும் பாராத சங்கத்தையும், 1867இல் வடலூரில் பசித்தவர் எவருக்கும் சோறிடும் தருமச்சாலையையும் வைத்த பிறகே மேட்டுக்குப்பத்தின் தனி அறைக்குப் போனார். 1874 சனவரியில் கதவைச் சாத்திக்கொள்ளும் முன், உள்ளே இருந்த விளக்கை வெளியே வைத்துத் தடையில்லாமல் வழிபடும்படி சொன்னார். 1898இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அங்கே முதன்மை பெற்றவை பஞ்சசீலமும் அற உரையும் வாசிப்பும். கண்மூடி அமர்வது அவ்வளவாக இல்லை. ஆனாலும் ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவர்க்கொருவர் நல்ல நண்பராக இருக்க ஒரு கூரை வேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். பிறகு 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை அமைத்தார். இன்று தமிழ்நாட்டின் சிறு ஊர்களில்கூட அதன் மனவளக்கலை மன்றத்தின் பலகையைப் பார்க்கலாம். அவர்கள் பேச்சில் தியானத்துக்குத் தவம் என்றே பெயர். மன்றத்தில் எல்லாரும் சேர்ந்து செய்வது கூட்டுத் தவம். வீட்டில் தன் ஆசையையும் சினத்தையும் தானே எழுதிப் பார்த்துச் சீர்செய்வது அகத்தாய்வு. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது என்பது அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

விபாசனா திருமுடிவாக்கத்துக்கு வந்த வழி பர்மா வழி. 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து அரசரை நாடுகடத்தியதும் பௌத்தத்துக்கு இருந்த அரசப் பாதுகாப்பு போயிற்று. புத்தரின் சாசனத்தை இனி இல்லறத்தார்தான் காக்க வேண்டும் என்று துறவியர் சிலர் முடிவு செய்தார்கள். லெடி சயடோ ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவர் வழியில் சயா தெட்ஜி என்ற விவசாயி ஆசிரியரானார். அவரிடம் கற்ற ஊ பா கின் பர்மிய அரசின் தலைமைக் கணக்காளர், அவரிடம் கற்ற கோயங்கா மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர். 1969இல் கோயங்கா இந்தியா வந்தார். அதே பத்தாண்டில்தான் பர்மாவிலிருந்து தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார்கள். அவர்கள் கடையும் உணவும் இந்த நகரத்தில் நிலைத்ததுபோல, பர்மிய இல்லறத்தாரின் தியான முகாமும் இங்கே நிலைத்தது. முகாமின் நாள் ஒழுங்கைப் பார்த்தால் விசுத்திமக்கத்தின் அளவுக் கேள்விக்கு விடைபோல் இருக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, சைகையும் கூடாது. சில மணி நேரம் சொந்த அறையிலோ மண்டபத்திலோ அமரலாம். ஆனால் காலை எட்டு, பிற்பகல் இரண்டரை, மாலை ஆறு என்று மூன்று வேளை, ஒரு மணி நேரம் எல்லாரும் மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்தே ஆக வேண்டும். நான்காம் நாளுக்குப் பின் அந்த மணி நேரங்களில் கை, கால் அசைக்காமல் இருக்க முயல வேண்டும். முட்டி வலிக்கும்போது அறையில் இருப்பவர் எழுந்துவிடுவார். மண்டபத்தில் பக்கத்தில் ஒருவர் அதே வலியோடு அமர்ந்திருப்பது தெரியும்போது இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று தோன்றும். கட்டணம் கிடையாது, முன்பு அமர்ந்து பயன்பெற்றவர் தருவதில் அடுத்தவர் உண்கிறார்.

கூட்டத்தைப் பற்றிய அச்சமும் நியாயமானது. ஆசிரியர் சொல்லே வேதம் என்றாகலாம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தாங்க முடியாததையும் தாங்கலாம். நீண்ட தியானம் சிலருக்குத் தூக்கமின்மையையும் அச்சத்தையும் அதைவிடக் கடுமையான மனக் குழப்பத்தையும் தரக்கூடும் என்பதை 2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பயிற்சியாளர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்தார்கள். இதை மறைப்பது பயிற்சிக்குச் செய்யும் துரோகம். ஆனால் இதற்குத் தீர்வு தனிமை ஆகாது. வீட்டில் செல்போன் செயலியைக் கேட்டுக்கொண்டு அமர்பவருக்கு மனம் கலங்கினால் அந்தக் குரல் திரும்பிப் பார்க்காது. 40 பொருள்களில் இது உனக்கு வேண்டாம் என்று சொல்லும் நண்பர் அவருக்குத்தான் முதலில் தேவை. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின் நாள்பட்ட வலியுள்ளவர்களுக்காக விழிப்புணர்வுத் தியானப் பயிற்சியைத் தொடங்கியபோது, வாரம் ஒரு நாள் கூடி அமர்ந்து பேசும் பல வார வகுப்பாகவே அமைத்தார். மீதி நாள்களில் வீட்டில் தனியே செய்ய வேண்டும். கூட்டம் கெடுப்பது அது பெரிதாகி, கேள்வி கேட்க முடியாமல் போகும்போது. பெரிய விகாரத்தை முதல் குறையாக வைத்தவருக்கு அது தெரிந்திருந்தது.

விபாசனா முகாமில் ஒன்பது நாள் மௌனம் பத்தாம் நாள் காலை கலைகிறது. முகாம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பேச்சே இல்லாதிருந்த மனம் நேரே பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பேருந்தில் ஏறினால் தாங்காது என்று அந்த ஒரு நாளை வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளும் பக்கத்து இருக்கையில் மூச்சு விடும் சத்தமாக மட்டும் இருந்தவர், அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறார். வீடு போன பிறகு காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தனியே அமரச் சொல்லி அனுப்புகிறார்கள். கூடவே, அருகில் யாராவது இருந்தால் வாரம் ஒரு முறை சேர்ந்து அமரவும் சொல்கிறார்கள்.