சுரங்கத்திலிருந்து உப்பளம் வரை: வெப்பமும் உடல்நலமும் பற்றிய ஆய்வின் வரலாறு (1905–2024)

முன்னுரை

காலநிலை மாற்றம் மனித உடல்நலத்தைப் பல வழிகளில் தாக்குகிறது. கொசுக்கள் பெருகும் எல்லை மாறுகிறது. வெள்ளம் குடிநீரைக் கெடுக்கிறது. வறட்சி உணவைக் குறைக்கிறது. இவ்வழிகளில் வறுமை, சுகாதார வசதி, அரசின் செயல்பாடு எனப் பல காரணிகள் குறுக்கிடுகின்றன. வெப்பமோ நேராக உடலின் மேலேயே இறங்குகிறது. ஆகவே, காலநிலையையும் உடல்நலத்தையும் இணைத்துப் பார்க்க அறிவியல் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதை அறிய வெப்ப ஆய்வின் வரலாறே தகுந்த வாயில்.

1905 முதல் 2024 வரையிலான அந்த வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. இத்துறையின் ஒவ்வொரு திருப்பமும் புதியதொரு பதிவேட்டிலிருந்தே பிறந்திருக்கிறது என்பது இதன் மையக் கருத்து. சுரங்கத்தில் எடுத்த அளவுகள், ராணுவ முகாமின் மருத்துவக் குறிப்புகள், மாநகரங்களின் இறப்புப் பதிவுகள், தொழிலாளரின் இரத்தப் பரிசோதனைகள் என அந்த ஆதாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதவர்களின் துயரம் அறிவியலின் கணக்கிலும் ஏறவில்லை. வெப்பமண்டல நாடுகளின் உழைப்பாளிகள் நெடுங்காலம் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

1. உழைக்கும் உடலை அளந்த காலம்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஆழமான சுரங்கங்களில் வெப்பமும் ஈரமும் மிகுதி. அங்கு வேலை செய்வோரின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆராய்ந்து 1905-இல் வெளியிட்டார். சாதாரண வெப்பமானி காட்டும் அளவு உடலின் நிலையைச் சொல்வதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே அதைச் சொல்கிறது என்பது அவர் கண்டது. காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்கியது. வேலை செய்பவருக்கு வரம்பு இன்னும் கீழே இறங்கியது.

இதன் காரணம் எளிது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். உடல் நீரை இழக்குமே தவிரக் குளிராது. தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப இதயம் விரைந்து துடிக்கிறது. நீர் குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகம் தவிக்கிறது. வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பல மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ எழுதப்படுவதன் அடிப்படை இதுவே. இந்த மறைவு பின்னாளில் இத்துறையின் பெருஞ்சிக்கலாயிற்று.

அரை நூற்றாண்டுக்குப் பின் அடுத்த அடியை எடுத்துவைத்தது அமெரிக்க ராணுவம். தென் கரோலினாவின் பாரிஸ் தீவிலுள்ள கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாமில் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதத்தால் இளைஞர்கள் சுருண்டு விழுந்தார்கள். இதைத் தடுக்க யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957-இல் ஒரு கூட்டுக் குறியீட்டை வெளியிட்டனர். அதற்குரிய கருவியில் மூன்று வெப்பமானிகள் உண்டு. ஒன்றின் குமிழில் ஈரத்திரி சுற்றி, வெயிலிலும் காற்றிலும் விட்டிருப்பார்கள். மற்றொன்று கருமை பூசிய மெல்லிய செப்புக் கோளத்தின் நடுவில் இருந்து வெயிலின் கதிர்வீச்சை வாங்கும். மூன்றாவது நிழலில் இருந்து காற்றின் வெப்பத்தை மட்டும் காட்டும். ஈரத்திரிக்கு 70 விழுக்காடு, கருங்கோளத்துக்கு 20, நிழல் வெப்பமானிக்கு 10 என எடையிட்டுக் கூட்டினால் ஒரே எண் கிடைக்கும். அந்த எண் வரம்பைத் தாண்டிய நாளில் பயிற்சியைக் குறைத்தார்கள், நோயும் குறைந்தது. 1982-இல் இக்குறியீடு பன்னாட்டுத் தர அமைப்பின் பணியிட அளவுகோலாக ஏற்கப்பட்டது.

ஆக, வெப்பத்தை எப்படி அளப்பது, எப்போது வேலையை நிறுத்துவது என்பவை 1957-லேயே தெரிந்திருந்தன. அந்த அறிவு படைவீரரையும் பெருஞ்சுரங்கத் தொழிலாளரையும் எட்டியது. வயலிலும் சூளையிலும் உழைத்தவர்களை அது எட்டவில்லை.

2. காலநிலை அறிவியலுக்குள் உடல்நலம்

1988-இல் பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு தொடங்கப்பட்டபோது, பேச்சு பெரும்பாலும் பனிப்பாறை, கடல்மட்டம், பயிர் ஆகியவற்றைப் பற்றியே இருந்தது. 1990-இல் வந்த அதன் முதல் அறிக்கையில் உடல்நலத்துக்குத் தனி அத்தியாயம் இல்லை. குடியிருப்பு, எரிசக்தி, போக்குவரத்து ஆகியவற்றோடு சேர்த்தே அது பேசப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலிய நோய்ப்பரவலியல் அறிஞர் டோனி மெக்மைக்கேல். போர்ட் பிரீ நகரில் ஈயம் உருக்கும் ஆலையின் மாசு குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று முன்பு ஆராய்ந்தவர் அவர். ஒரு நகரின் ஒரு நச்சுப்பொருளை ஆராய்ந்த முறை புவியளாவிய மாற்றத்துக்குப் போதாது என்று அவர் உணர்ந்தார். 1993-இல் வெளியான அவருடைய ‘பிளானட்டரி ஓவர்லோட்’ என்ற நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் இரண்டாம் அறிக்கையில் உடல்நலத்துக்கெனத் தனி அத்தியாயம் இடம்பெற்றது. அதன் ஆசிரியர் குழுவை வழிநடத்தியவரும் அவரே. 1996-இல் உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் இதே பொருளில் தனி நூல் வெளியிட்டன. ஆயினும், அப்போதைய எழுத்துகள் பெரும்பாலும் வருங்காலத்தைக் குறித்த கணிப்புகளாகவே இருந்தன. நிகழ்காலத்துக்கான சான்று வேறிடத்திலிருந்து வந்தது.

3. இறப்புப் பதிவேடுகள் பேசின: சிகாகோ, பிரான்ஸ், அகமதாபாத்

1995 ஜூலையில் சிகாகோவை ஒரு வெப்ப அலை தாக்கியது. உடல்களை வைக்கப் பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டப்பட்ட லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தனை பேர் வெப்பத்தால்தான் இறந்தார்களா என்ற சர்ச்சையும் எழுந்தது. அந்நாள்களில் வழக்கமாக எத்தனை இறப்புகள் நேருமோ அதனுடன் உண்மையில் நேர்ந்ததை ஒப்பிட்டபோது, 700-க்கும் மேற்பட்ட மிகை இறப்புகள் வெளிப்பட்டன. இந்த ‘மிகை இறப்பு’க் கணக்கின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது: சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தாலும் எண்ணிக்கை ஏறியதை மறைக்க முடியாது.

யார் இறந்தார்கள் என்று தேடிய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. தனியாக வாழ்ந்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், கட்டடத்தின் உச்சித் தளத்தில் குடியிருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. குளிரூட்டி உள்ள இடத்துக்குப் போக முடிந்தவர்கள் பிழைத்தார்கள். வெப்பத்தின் கொடுமை வானிலையோடு நிற்பதில்லை, வீடும் வருமானமும் உறவும் அதைத் தீர்மானிக்கின்றன என்ற உண்மை எண்களில் நிலைநாட்டப்பட்டது.

2003 ஆகஸ்டில் ஐரோப்பா எரிந்தது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 மிகை இறப்புகள். அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் 70,000-க்கு மேல் என்று 2008-இல் வந்த கணக்கீடு காட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோர். பிரான்ஸ் 2004-இல் தேசிய வெப்ப அலைத் திட்டத்தை வகுத்தது. 2006 ஜூலையில் மீண்டும் வெப்ப அலை வந்தபோது, பழைய அனுபவத்தைக் கொண்டு கணித்ததைவிட ஏறத்தாழ 4,400 இறப்புகள் குறைவாகவே நேர்ந்தன. எண்ணத் தெரிந்த நாடு காக்கவும் கற்றது.

இந்தியாவில் 1998-இல் ஒடிசாவிலும் 2015-இல் ஆந்திரம், தெலங்கானாவிலும் வெப்ப அலைகள் தலா 2,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதாக அரசுகளே அறிவித்தன. ஆனால் மிகை இறப்பு முறையில் ஓர் இந்திய நகரத்தை நுணுகிப் பார்த்தது அகமதாபாத் ஆய்வு. 2010 மே மாதம் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்த ஒரு மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்தது தெரிந்தது. வழக்கத்தைவிட 43 விழுக்காடு அதிகம். 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அந்நகரில் பிறந்தது. எந்த வெப்பநிலையில் அந்நகரத்தில் இறப்பு ஏறுகிறதோ, அதைக் கொண்டே எச்சரிக்கை வரம்புகள் வகுக்கப்பட்டன.

அகமதாபாத் ஆய்வுகளில் ஒரு சிறு செய்தி தனித்து நிற்கிறது. நகரின் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு உச்சித் தளத்தில், சுட்டெரிக்கும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. வெப்பப் பாதிப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கையை ஆராய்ந்த மருத்துவர்கள், வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபின் அது குறைந்ததைப் பதிவு செய்தனர். சிகாகோவில் உச்சித் தளத்தில் குடியிருந்தோரைக் கொன்ற அதே மொட்டைமாடி வெக்கை இங்கே பிறந்த குழந்தையை வாட்டியிருந்தது. தளம் மாற்றுவதற்குப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. எண்ணிப் பார்த்த ஒருவர் தேவைப்பட்டார்.

4. மனிதரின் பங்கு எவ்வளவு?

வெப்ப அலைகள் எக்காலத்திலும் இருந்தவைதாம். அவற்றில் காலநிலை மாற்றத்தின் பங்கை எப்படிப் பிரித்தறிவது? 2004-இல் பீட்டர் ஸ்டாட் குழுவினர் இதற்கு வழி காட்டினர். மனிதர் வெளியேற்றிய வாயுக்கள் உள்ள உலகையும் இல்லாத உலகையும் கணினியில் ஒப்பிட்டு, 2003-ஐப் போன்றதொரு கோடை நேரும் வாய்ப்பை மனிதச் செயல்பாடு குறைந்தது இருமடங்காக்கியிருக்கக் கூடும் என்று கண்டனர்.

இந்த முறையும் இறப்புப் பதிவு ஆய்வும் 2021-இல் கைகோத்தன. 43 நாடுகளின் 732 இடங்களில் 1991 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு, கோடைக்கால வெப்ப இறப்புகளில் 37 விழுக்காடு மனிதர் உண்டாக்கிய புவி வெப்பமாதலால் நேர்ந்தவை என அனா விசேதோ-கப்ரேரா குழுவினர் கணித்தனர். இத்துறையின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று இது. ஆனால் தெற்காசியாவின் பெரும்பகுதியும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் அந்தக் கணக்கில் இல்லை. தேவையான தரவு கிடைக்கவில்லை. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவர் காரணத்தைச் சான்றளித்திருந்தார். வெப்பத்தை மிகுதியாகச் சுமக்கும் நிலப்பரப்பு உலகக் கணக்கின் வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடப்பது ஏற்கத்தக்கதன்று.

5. மீண்டும் உழைக்கும் உடலுக்கு: தமிழ்நாட்டு ஆய்வுகள்

இறப்புப் பதிவேடு இறந்தவரைத்தான் காட்டும். நாள்தோறும் வெப்பத்தில் தேயும் உடலைக் காட்ட அதனால் இயலாது. அந்தத் தேய்வு மத்திய அமெரிக்காவில் வெளிப்பட்டது. சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத வேளாண் தொழிலாளர் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை எல் சல்வடோர் மருத்துவர்கள் 2002-இல் அறிவித்தனர். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதை ஒத்த நோய் காணப்பட்டது. காரணங்களைப் பற்றிய விவாதம் தொடர்கிறது. வெப்பத்தில் கடுமையாக உழைத்து நீரிழப்பதும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் ஓய்வு, நிழல், குடிநீர் மூன்றும் ஒழுங்காக வழங்கப்பட்டபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

தமிழ்நாட்டில் இவ்வழியில் நெடுங்காலமாக உழைத்துவருவது சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு. 2017 முதல் 2020 வரை ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை அவர்கள் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தனர். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

உப்பளத்தின் இயல்பே இக்கொடுமையைக் கூட்டுகிறது. வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். எனவே உடலுக்குத் தீங்கு மிகுந்த மாதங்களே வேலை மிகுந்த மாதங்கள். உப்பு வாரும்போது மேலிருந்து அடிக்கும் வெயில் வெண்மையான பாத்தியில் பட்டு முகத்துக்கும் கண்ணுக்கும் திரும்புகிறது. ஒதுங்க மரநிழல் இல்லை. கழிப்பறை இல்லாத பணியிடங்களில் பெண்கள் சிறுநீரை அடக்குவதோடு, அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதை அக்குழுவின் முந்தைய ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. வெப்பம் செய்யும் கேட்டை வசதியின்மை மேலும் கூட்டுகிறது.

அதே குழு 2017 முதல் 2022 வரை 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். வெப்பத்துக்கு ஆளாகாதவர்களில் 2 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. ஆளானவர்களில் 5 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. இந்த இழப்புகள் எந்த இறப்புப் பதிவேட்டிலும் ஏறுபவை அல்ல. பெண்களிடம் நேரில் சென்று, பிரசவம் வரை உடனிருந்து கேட்டதால்தான் அவை தெரியவந்தன.

உடலின் வரம்பைப் பற்றிய கேள்வியும் இக்காலத்தில் திரும்பி வந்தது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியே மனிதர் தாங்கும் எல்லை என 2010-இல் ஷெர்வுட், ஹூபர் இருவரும் கோட்பாட்டு அளவில் கணித்தனர். 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நலமுள்ள இளைஞர்களை வெப்ப அறையில் இருத்தி, விழுங்கிய மாத்திரைக் கருவி வழியே உடல் வெப்பத்தை அளந்தபோது, ஈரக்காற்றில் அந்த எல்லை 30 முதல் 31 டிகிரிக்குள்ளேயே வந்துவிட்டது. 1905-இல் ஹால்டேன் கண்ட எண்ணும் அதுதான். கோட்பாட்டைவிட உடலை நேரில் அளந்தவர் உண்மைக்கு நெருங்கியிருந்தார். ஈரம் மிகுந்த தமிழகக் கடலோரத்துக்கு இந்த முடிவு மிக முக்கியமானது. கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறையின் வரையறை. காற்றின் ஈரம் அதில் சேரவில்லை. கத்தாரோ 2021 முதல், ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் யாக்லூ–மினார்ட் கூட்டுக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்துள்ளது. கத்தாருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளிக்குச் சட்டத்தில் உள்ள இந்தக் காப்பு, ஊரில் உழைக்கும் அவர் உறவினருக்கும் வேண்டும்.

முடிவுரை

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. நூற்றாண்டு கால ஆய்வின் பயன் ஓர் ஆணையாக வடிவெடுத்த தருணம் இது. ஆனால் இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று சான்று கிடைத்தால்தான் நிவாரணம் கைக்கு வரும். வயலில் சுருண்டு விழுந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் எழுதினால், அந்தக் குடும்பத்துக்கு ஆணை வெறும் தாளாகிவிடும்.

எனவே, இந்த வரலாறு முன்வைக்கும் பணிகள் தெளிவானவை. மாவட்டவாரியான அன்றாட இறப்பு எண்ணிக்கையை ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும். மிகை இறப்பைக் கணக்கிட அதுவே போதும். வெப்ப இறப்பை இனங்காண ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். உப்பளம், செங்கல் சூளை, கட்டுமானத் தளம் ஆகியவற்றில் கூட்டுக் குறியீட்டை அளந்து, வரம்பைத் தாண்டினால் கூலி குறையாமல் ஓய்வு அளிக்க வேண்டும். கழிப்பறை, நிழல், குடிநீர் மூன்றையும் வெப்பப் பாதுகாப்பின் பகுதியாகவே சட்டம் கருத வேண்டும். இவற்றுக்கான அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படைவீரருக்குத் தந்து பல பத்தாண்டுகளாயின. உப்பு வாரும் பெண்ணுக்கு இன்னும் தராதது அறிவியலின் குறையன்று, நம் அக்கறையின் குறை.